லைன் வீட்டிலிருந்து கிளம்பியவர்களுக்கு: செய்யக்கூடாதவை, செய்ய வேண்டியவை

விடியுமுன் மாரிகுப்பத்தில் கிளம்பும் ரயில் சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு ஸ்டேஷனிலும் ஆளை ஏற்றிக்கொண்டு பங்காருப்பேட்டைக்குப் போய், மாலூர், ஒயிட்ஃபீல்டு வழியாக பெங்களூரு சேர்கிறது. இருட்டில் ஏறியவர்கள் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புகிறார்கள். கட்டட வேலை, செக்யூரிட்டி, ஹவுஸ்கீப்பிங், கார்மென்ட்ஸ், வீட்டு வேலை என்று பிழைப்பு பலவகை. 2001 பிப்ரவரி 28 அன்று கோலார் தங்கவயலின் தங்கச் சுரங்கம் மூடப்பட்டதிலிருந்து இந்த ரயில்தான் ஊருக்குச் சோறு போடுகிறது.

அதே ஒயிட்ஃபீல்டில் அடுக்குமாடி வீடு வாங்கியவர்களும் எங்கள் ஊர்க்காரர்கள்தான். அப்பா சுரங்கத்துக்குள் இறங்கியவர், அம்மா சுரங்கத் தொழிலாளர் குடியிருப்பான லைன் வீட்டில் குடித்தனம் நடத்தியவர், பிள்ளை படித்து ஐ.டி. கம்பெனியிலோ துபாயிலோ மெல்பர்னிலோ வேலை பார்ப்பவர். டிசம்பர் 25 காலையில் இந்த இரண்டு வகையினரும் தங்கவயலின் ஏதாவதொரு கோவிலில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார்கள். ஒருவர் கையில் கார் சாவி இருக்கும், இன்னொருவர் பையில் ரயில் பாஸ்.

இந்தப் பட்டியல் கார் சாவி வைத்திருப்பவருக்கு. ஏழை என்றால் யார் என்று மற்ற ஊர் விசுவாசிகளுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். உங்களுக்கு அந்த வேலை இல்லை. அவர் உங்கள் அத்தை மகன், பக்கத்து லைன்காரர், உங்களோடு ஞாயிறு பள்ளியில் வசனம் ஒப்பித்தவர். ஆகவே நீங்கள் தருமம் செய்யும் தனவான் இல்லை. சொந்தக்காரரோடு கணக்குப் பார்க்க வேண்டியவர். கீழே வருவது எல்லாம் அந்த ஒரு கணக்கைப் பற்றித்தான்.

பத்துக் கட்டளையிலேயே எட்டு 'செய்யாதே' என்று இருப்பதால், நானும் அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

செய்யக்கூடாதவை

வேதத்தில் உங்களுக்குத் தோதான பாதியை மட்டும் படிக்காதீர்கள். தரித்திரர் எப்போதும் உங்களோடு இருப்பார்கள் என்று இயேசு சொன்னதை, 'வறுமை ஒழியவே ஒழியாது, அவரே சொல்லிவிட்டார்' என்று பெருமூச்சு விட்டு முடித்துவிடுகிறோம். அவர் அங்கே தொட்டுக் காட்டுவது உபாகமம் 15ஆம் அதிகாரத்தை. தேசத்தில் ஏழைகள் இருந்துகொண்டே இருப்பார்கள், ஆகையால் கையைத் தாராளமாகத் திற என்பதுதான் அந்த வசனத்தின் முழு வடிவம். 'ஆகையால்' வரைக்கும் வந்து புத்தகத்தை மூடினால் எப்படி? இன்னொன்று: மத்தேயுவில் பாக்கியவான்கள் ஆவியில் எளிமையுள்ளவர்கள், லூக்காவில் வெறும் தரித்திரர். வசதி வந்தவர்கள் எல்லோருக்கும் மத்தேயுதான் பிடிக்கும். லூக்காவையும் படியுங்கள். அதில் ஐசுவரியவான்களுக்கு 'ஐயோ' என்று ஒரு வரியும் உண்டு.

காணிக்கை வாங்க ஏழை விதவையின் இரண்டு காசுக் கதையைச் சொல்லாதீர்கள், சொல்பவருக்குத் தலையாட்டவும் வேண்டாம். மாற்கு 12இல் அந்தக் கதைக்கு ஒட்டினாற்போல் முன்னால் இருப்பது, விதவைகளின் வீடுகளை விழுங்கும் வேதபாரகர்கள் மீது இயேசு சொன்ன கண்டனம். அதைப் படித்த கையோடு இதைப் படித்தால், அந்த அம்மாளின் கடைசிக் காசையும் வாங்கிக்கொண்ட ஆலயத்தைப் பற்றியும் அவர் பேசுகிறார் என்று தோன்றும். தங்கவயலில் சுரங்கத் தூசியால் நெஞ்சடைத்துச் செத்தவர்களின் மனைவிமார் பலர் உண்டு. மருத்துவர்கள் அந்த நோய்க்கு சிலிக்கோசிஸ் என்று பெயர் சொல்வார்கள். அவர்களிடமிருந்து தசமபாகம் வாங்கி, ஆசீர்வாதக் கூட்டத்துக்கு சவுண்டு செட் கட்டும் போதகரைக் கேள்வி கேட்க வேண்டியவர் நீங்கள். அந்த அம்மாள் கேட்க மாட்டார், பயம்.

அரிசிப் பையோடு போட்டோ எடுக்காதீர்கள். கிறிஸ்துமஸுக்கு முந்திய வாரம் நடக்கும் கூத்து இது. பின்னால் பேனர், முன்னால் பிளாஸ்டிக் நாற்காலியில் வரிசையாக அம்மாக்கள், கையில் ஐந்து கிலோ அரிசியும் ஒரு போர்வையும். கொடுப்பவர் கேமராவைப் பார்க்கிறார், வாங்குபவர் தரையைப் பார்க்கிறார். ஆதார் ஜெராக்ஸ் வேறு கேட்கிறார்கள். 1930இல் சுரங்கக் கம்பெனி தொழிலாளர்களின் கைரேகையை எடுத்துப் பதிவு செய்யப் போவதாகச் சொன்னபோது, குற்றவாளிக்குச் செய்வதை எங்களுக்குச் செய்வதா என்று ஆயிரக்கணக்கானோர் ஷாஃப்டில் இறங்க மறுத்து வேலைநிறுத்தம் செய்தார்கள். அந்த மானம் இந்த ஊர் ரத்தத்தில் இருக்கிறது. அவர்களுடைய பேத்தியிடம் அரிசிக்குக் கையெழுத்து வாங்கி வாட்ஸ்அப்பில் படம் போடுவது அழகில்லை. வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்றவரின் பெயரால் அதைச் செய்வது இன்னும் அழகில்லை.

மின்விசிறி இறக்கையில் பெயர் எழுதாதீர்கள். இதற்கு விளக்கம் தேவையில்லை. அண்ணாந்து பார்த்தால் புரியும். மூன்று இறக்கையில் ஒரு முழுக் குடும்பமே சுற்றிக்கொண்டிருக்கிறது.

முன்வரிசை நாற்காலியை ஏற்றுக்கொள்ளாதீர்கள். திருவிழா உபயம் உங்களுடையது என்பதால் கமிட்டிக்காரர் ஓடிவந்து முன்னால் இடம் போடுவார். தகதகவென்று உடுத்தி வந்தவனுக்கு நல்ல இடமும் கந்தல் கட்டியவனுக்குக் காலடியும் கொடுப்பதைப் பற்றி யாக்கோபு எழுதியதைப் படித்தால், நம் கமிட்டியைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினாரோ என்று தோன்றும். பொன்மோதிரம் போட்டவன் என்றே குறிப்பிடுகிறார். தங்கம் எடுத்த ஊரில் அதைப் படிக்கக் கொஞ்சம் கூச்சமாக இருக்க வேண்டும்.

சர்ட்டிஃபிகேட்டில் 'இந்து' என்று வைத்திருப்பவரை விசுவாசத்தில் குறைந்தவர் என்று பேசாதீர்கள். வடாற்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் சித்தூரிலிருந்தும் இங்கே வேலைக்கு வந்தவர்களில் பெரும்பாலோர் தலித்துகள். 1950இன் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதி உரிமையை இந்துக்களுக்கு மட்டும் என்று வரையறுத்தது. 1956இல் சீக்கியர்களையும், 1990இல் பௌத்தர்களையும் சேர்த்தார்கள். அயோத்திதாசரின் காலத்திலிருந்தே மாரிகுப்பத்தில் பௌத்தம் வேர்விட்டிருந்த ஊர் என்பதால், அந்த 1990 திருத்தத்தின் அருமை இங்கே தெரியும். கிறிஸ்தவத் தலித்துக்குக் கதவு இன்னும் திறக்கவில்லை. மதம் மாறியவர்களின் கோரிக்கையை ஆராய நீதிபதி கே.ஜி. பாலகிருஷ்ணன் தலைமையில் 2022இல் மத்திய அரசு ஆணையம் போட்டது. ஞாயிறன்று நற்கருணை வாங்கிவிட்டு, திங்களன்று பிள்ளையின் ஸ்காலர்ஷிப் படிவத்தில் வேறு மதம் எழுதும் தகப்பனுக்குள் ஓடுவது என்னவென்று, அந்த ஸ்காலர்ஷிப் தேவைப்படாத நீங்கள் அளக்கக் கூடாது. ஒருவேளை உங்கள் அப்பாவும் அப்படி எழுதித்தான் உங்களைப் படிக்க வைத்தாரோ என்னவோ.

'நாங்களும் அங்கிருந்துதான் வந்தோம், உழைத்து முன்னேறவில்லையா' என்று சொல்லாதீர்கள். உழைத்தீர்கள், சரி. எதிர்வீட்டுக்காரர் சுரங்கத்தில் உழைத்த அளவுக்கு உங்களில் யாரும் உழைத்திருக்க மாட்டீர்கள். சாம்பியன் ரீஃப் சுரங்கம் மூன்று கிலோமீட்டருக்கும் மேல் ஆழம். பாறை வெடித்தால் மேலே தெரு அதிரும், பெண்கள் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள். 120 ஆண்டுகளில் ஏறக்குறைய 800 டன் தங்கத்தை வெட்டி மேலே அனுப்பிய ஊர் இது. உழைப்புக்கும் செல்வத்துக்கும் நேர்க்கணக்கு என்றால் உலகத்திலேயே பணக்கார ஊராக இது இருந்திருக்க வேண்டும்.

செய்ய வேண்டியவை

முதலில் லூக்கா 16ஐ எடுத்து மெதுவாகப் படியுங்கள். ஐசுவரியவானும் லாசருவும். பணக்காரன் திருடினான் என்றோ, லாசருவை அடித்தான் என்றோ அதில் ஒரு சொல் இல்லை. அவன் செய்ததெல்லாம் நன்றாகச் சாப்பிட்டான், நன்றாக உடுத்தினான், வாசலில் ஒருவன் கிடந்தான், அவ்வளவுதான். கதையில் என்னை எப்போதும் நிறுத்தும் இடம் அதற்கும் பிறகு வருகிறது. பாதாளத்தில் தவிக்கும்போது அவன் ஆபிரகாமிடம், லாசருவை அனுப்பி என் நாவைக் குளிரப் பண்ணும் என்று கெஞ்சுகிறான். ஆக, பெயர் தெரிந்திருக்கிறது! இத்தனை நாள் வாசலில் கிடந்தவன் யார் என்று அவனுக்கு நன்றாகத் தெரியும். அங்கே போயும் புத்தி மாறவில்லை. தண்ணீர் கொண்டுவர லாசரு, அது முடியாது என்றதும் சகோதரருக்குச் சேதி சொல்ல லாசரு. எடுபிடியாகவே பார்த்துப் பழகிய கண். ஆபிரகாமிடம் பேசுகிறானே தவிர, லாசருவிடம் நேராக ஒரு வார்த்தை பேசவில்லை.

ஊருக்கு வரும்போது இதைச் செய்யுங்கள்: பழைய லைனில் ஒரு வீட்டுக்குப் போய் உட்கார்ந்து காபி குடியுங்கள். வேலை எதுவும் சொல்லாதீர்கள். 'நம்ம வீட்டுக் கிணற்றைக் கொஞ்சம் தூர்வார ஆள் பாரு', 'அம்மாவை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிடு' எதுவும் வேண்டாம். அவர் உங்கள் ஆள் இல்லை. ஊரில் தங்கிவிட்டார் என்பதற்காக உங்கள் ஏவலாள் ஆகிவிட மாட்டார்.

கூலியை நாள் தவறாமல் கொடுங்கள். பொழுது சாயுமுன் கொடு, அவன் அதை நம்பித்தான் இருக்கிறான் என்கிறது உபாகமம் 24. பிடித்துவைத்த கூலியே கூக்குரலிடும் என்கிறார் யாக்கோபு. நிறுத்தப்பட்ட கூலி எப்படியிருக்கும் என்று தங்கவயலுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். சுரங்கம் மூடிய பிறகு நிலுவைக்காக எத்தனை பேர் கோர்ட் படியேறி, கையில் ஃபைலோடே கண்ணை மூடினார்கள்! ஒயிட்ஃபீல்டில் உங்கள் வீட்டில் பாத்திரம் தேய்ப்பவர் அதே ரயிலில் வந்தவராக இருக்கலாம். ரயில் தாமதமானால் அரை நாள் பிடிக்காதீர்கள். கோவில் திருவிழாவுக்கும் கல்லறைத் திருநாளுக்கும் சம்பளத்தோடு லீவு கொடுங்கள். உங்களுக்குக் கம்பெனி கொடுக்கிறதல்லவா?

ஆபீஸிலும் கொஞ்சம் கண்ணைத் திறக்க வேண்டும். தரை துடைப்பவரும் வாசலில் நிற்கும் செக்யூரிட்டியும் காண்டிராக்டரின் ஆட்கள். குறைந்தபட்சக் கூலி கிடைக்கிறதா, பி.எஃப். கட்டுகிறார்களா என்று அட்மின் துறையிடம் ஒரு மெயில் போடுங்கள். போர்வை கொடுப்பதைவிட இது கடினம், போட்டோவும் வராது. ஆனால் 1891இல் போப் பதின்மூன்றாம் லியோ தொழிலாளர் பற்றி எழுதிய 'ரேரும் நோவாரும்' சுற்றுமடல் பேசியது இதைத்தான். குடும்பம் நடத்தப் போதுமான கூலி நீதி சார்ந்தது, முதலாளியின் இரக்கத்தைப் பொறுத்ததன்று என்பது அதன் சாரம். அது வெளியானபோது இங்கே ஜான் டெய்லர் கம்பெனி சுரங்கம் ஆரம்பித்துப் பத்துப் பதினோரு வருடம். தட்டி வைத்துக் கட்டிய குடிசையில் கூலிகள் இருந்தார்கள்.

வட்டியில்லாமல் கடன் கொடுங்கள். தங்கம் எடுத்த ஊரில் பெண்களின் காதுத் தோடு அடகுக் கடையில் இருக்கிறது. ஜூன் மாதம் பள்ளி திறக்கும்போது ராபர்ட்சன்பேட்டைக் கடைத்தெருவில் ஒரு நாள் நின்று பாருங்கள். உள்ளே போகும்போது மூக்கில் மின்னும் கல் வெளியே வரும்போது இருக்காது. சிலர் மைக்ரோ ஃபைனான்ஸில் வாரத்தவணை கட்ட முடியாமல் ஊரைவிட்டே போகிறார்கள். வசூலுக்கு வந்து மிரட்டுவதைத் தடுக்கக் கர்நாடக அரசு 2025 பிப்ரவரியில் அவசரச் சட்டமே கொண்டுவர வேண்டியிருந்தது. அடகு வாங்கிய போர்வையைப் பொழுது சாயுமுன் திருப்பிக் கொடு, அதைத்தவிர அவனுக்குப் போர்த்த வேறில்லை என்று யாத்திராகமத்தில் இருக்கிறது. இன்றைக்கு அதன் நேர்ப்பொருள், ஒரு தோட்டை மீட்டுக் கொடுப்பது. எழுதிக்கொடுங்கள், தவணை வையுங்கள், வட்டி மட்டும் வேண்டாம். திருப்பி வரவில்லையென்றால், வராததற்கும் சேர்த்துத்தான் கொடுத்தீர்கள் என்று நினைத்துக்கொள்ளுங்கள். சபைக்குள்ளேயே சிலர் சபையாருக்கு வட்டிக்கு விடுகிறார்கள். அது யார் என்று எல்லோருக்கும் தெரியும், அவரே வேதபாடமும் வாசிக்கிறார். இதைப் பற்றிப் பிரசங்கம் வந்ததாக நினைவில்லை.

கோவில் கழிவறையைப் போய்ப் பாருங்கள். இதைச் சொல்லக் காரணம் ஒரு மனிதர். பெஜவாடா வில்சன் 1966இல் தங்கவயலில் தலித் கிறிஸ்தவக் குடும்பத்தில் பிறந்தவர். பெற்றோர் மலம் அள்ளும் தொழிலாளர்கள். இந்த ஊரின் உலர் கழிவறைகளை வாளியும் துடைப்பமும் கொண்டு சுத்தம் செய்தவர்கள். என்ன வேலை என்பதைப் பிள்ளையிடமிருந்து மறைத்தார்கள். தெரிந்த பிறகு அவர் அழுதது, செத்துவிடலாமா என்று நினைத்தது எல்லாம் அவரே பல இடங்களில் சொன்னவை. பிறகு சுரங்க நிர்வாகத்துக்குக் கடிதம் எழுதினார், கழிவறைகளைப் படம் எடுத்தார், பத்திரிகைக்கு அனுப்பினார். அங்கே தொடங்கியது சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற நாடு தழுவிய இயக்கமாக வளர்ந்தது. 2016இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. போட்டோ எடுப்பதென்றால் எதை எடுக்க வேண்டும் என்பதற்கும் அவரே உதாரணம்: வாங்குபவரின் முகத்தை அல்ல, நிர்வாகத்தின் கழிவறையை.

எனக்கு அதில் உறுத்துவது வேறு. இத்தனை கோவில், இத்தனை சபை இருந்த ஊர். அந்த வாளிகள் காலையில் தெருவழியாகத்தான் போயின. ஆராதனைக்குப் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒதுங்கி நடந்தார்கள். லாசரு வாசலில் கிடந்த கதையை உள்ளே வாசித்தார்கள். மலம் அள்ளும் வேலையைத் தடைசெய்த சட்டம் வந்ததே 1993இல்தான் என்றாலும், சபைக்கு அதற்கு முன்பே ஒரு சட்டம் இருந்தது. ஆகவே உங்கள் கோவிலின் கழிவறையை யார் கழுவுகிறார், என்ன சம்பளம், கையுறை உண்டா, செப்டிக் டேங்க் நிறைந்தால் யாரை இறக்குகிறார்கள் என்று கமிட்டியில் கேளுங்கள். ஆளை இறக்குவதாக இருந்தால் தடுத்து, இயந்திரத்துக்கான செலவை நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். கோபுரத்துக்குப் பெயின்ட் அடிக்கக் கொடுக்கும் பணத்தை இதற்குக் கொடுக்கலாம்.

சம்பளம் ஏறும்போது செலவை ஏற்றாதீர்கள். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆக்ஸ்போர்டு நாட்களைப் பற்றிய கணக்கு இது: வருட வருமானம் 30 பவுண்டு இருந்தபோது 28இல் வாழ்ந்து இரண்டைக் கொடுத்தார். 60 ஆனபோதும் 28இலேயே வாழ்ந்து 32ஐக் கொடுத்தார். 90 ஆனது, 62ஐக் கொடுத்தார். அப்படியே இல்லாவிட்டாலும் பரவாயில்லை. அடுத்த இன்கிரிமென்ட் வந்ததும் பெரிய காருக்கு இ.எம்.ஐ. கணக்குப் போடுமுன் ஒரு வருடம் பழைய சம்பளத்திலேயே இருந்து பாருங்கள். மிச்சம் கண்ணுக்குத் தெரியும். தெரிந்தால்தான் கொடுக்க முடியும்.

ஊர்ப் பிரச்சினைக்குக் குரல் கொடுங்கள். காற்றடிக்கும் மாதங்களில் சுரங்கக் கழிவு குவிந்த சயனைடு மேட்டுத் தூசி வீட்டுக்குள் சோற்றில் விழுகிறது. அந்த மேடுகளில் மிச்சமிருக்கும் தங்கத்தை எடுக்கும் திட்டத்துக்கு 2024 ஜூனில் மாநில அமைச்சரவை ஒப்புதல் கொடுத்தது. வேலை யாருக்கு, தூசி யாருக்கு என்று கேட்க இங்கிலீஷில் மனு எழுதத் தெரிந்தவர்கள் தேவை. அது உங்களுக்குத் தெரியும்.

கடைசியாக, பூட்டிக் கிடக்கும் வீடு. அம்மா போன பிறகு ஆண்டர்சன்பேட்டையிலோ ராபர்ட்சன்பேட்டையிலோ உள்ள வீட்டை வருடத்தில் நான்கு நாள் கிறிஸ்துமஸுக்குத் திறக்கிறீர்கள். இரண்டு அங்கி உள்ளவன் இல்லாதவனுக்கு ஒன்றைக் கொடுக்கக்கடவன் என்று யோவான் ஸ்நானகன் சொன்னது அங்கியோடு நிற்கும் என்று தோன்றவில்லை. முன்னறையைச் சாயங்கால டியூஷனுக்குக் கொடுங்கள். அல்லது ரயிலில் போய்வரும் ஒரு குடும்பத்தைக் குடிவையுங்கள், வாடகையாகக் கரண்ட் பில்லும் வீட்டு வரியும் கட்டினால் போதும். பதினோரு மாத ஒப்பந்தம் முறையாக எழுதிக்கொள்ளுங்கள், அதில் தப்பில்லை. ஆனால் அதற்கு முன் அண்ணன் தம்பி, அக்கா தங்கை எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். குடியிருக்க வரும் ஏழையால் வந்த வழக்கைவிட, அவரைக் குடிவைத்த பிறகு கனடாவிலிருந்து போன் செய்த உடன்பிறப்பால் வந்த வழக்குதான் இந்த ஊரில் அதிகம்.